சுட்ட பித்தளையும் ஊருக்குப் போற பெட்டியும்

ரீலோடிங் பத்திப் பேச்சு வந்தா நம்மாளுங்க கேக்கற முதல் கேள்வி, "எவ்வளவு சார் மிச்சம் ஆகும்?" ரெண்டாவது கேள்வி, "அந்தக் காலித் தோட்டா ஒண்ணு குடுங்களேன், ஊர்ல அண்ணன் பையனுக்குக் காட்டணும்."

முதல் கேள்விக்கு என் பதில்: ஒண்ணும் மிச்சம் ஆகாது. ரெண்டாவதுக்கு: கண்டிப்பா முடியாது. ரெண்டு பதிலுக்கும் காரணம் ஒரே பொருள்தான், ரெண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவா இருக்கற ஒரு பித்தளைக் கூடு. அதை ஏன் நான் இவ்வளவு மதிக்கறேன், அதே பித்தளை நம்ம பெட்டியில ஏறி பெங்களூருக்குப் போகக் கூடாதுனு ஏன் இவ்வளவு அடிச்சு சொல்றேன், இதுதான் விஷயம்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஒரு தோட்டால நாலு பாகம். மேல பறந்து போற குண்டு. உள்ள மருந்து. அடியில பத்த வைக்கற பிரைமர். இது மூணையும் பிடிச்சு வெச்சிருக்கற பித்தளைக் கூடு. சுட்டதும் மூணு போயிடும், கூடு மட்டும் மிஞ்சும். மிஞ்சினதைச் சுத்தம் பண்ணி, அளவுக்குக் கொண்டு வந்து, புது பிரைமர், மருந்து, குண்டு வெச்சு மறுபடி தோட்டாவாக்கறதுதான் ரீலோடிங். நம்ம வீட்டுப் பித்தளைச் சொம்பு நசுங்கினா தட்டி எடுத்து, ஈயம் பூசி, இன்னும் இருபது வருஷம் ஓட்டினோமே, கிட்டத்தட்ட அதே புத்தி.

இனி "ஃபயர் ஃபார்ம்ட்". சுடற நொடியில உள்ள உண்டாகற அழுத்தம் பித்தளையை சேம்பர் சுவரோட ஒட்டற மாதிரி விரிக்கும். அப்படி விரிஞ்சு அடைச்சுக்கறதாலதான் வாயு பின்பக்கம், நம்ம முகத்துக்கு வராம இருக்கு. அழுத்தம் இறங்கினதும் பித்தளை லேசா சுருங்கும், அதனாலதான் கூட்டை வெளிய இழுக்க முடியுது. ஆனா முழுசாப் பழைய அளவுக்குத் திரும்பாது. அந்த சேம்பரோட உருவம் அதுல பதிஞ்சுடும். தையக்கடைல உங்களுக்குன்னு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. பாக்கெட்ல வாங்கின ஃபேக்டரி தோட்டா ரெடிமேட் சட்டை. எந்தத் துப்பாக்கியிலயும் நுழையணும்னு எல்லாருக்கும் கொஞ்சம் லொடலொடன்னுதான் செஞ்சிருப்பான்.

தானா லோட் ஆகற செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில இந்த அளவெடுத்த சட்டைக்குப் பெரிய உபயோகம் இல்ல. அங்க ஸ்பிரிங்தான் அடுத்த தோட்டாவை உள்ள தள்ளணும், கொஞ்சம் இறுக்கமா இருந்தாலும் சிக்கிக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் கூட்டை முழுசா பழைய அளவுக்குச் சுருக்கியே ஆகணும். போல்ட் ஆக்‌ஷன் வேற. கைதான் திறக்குது, கைதான் மூடுது. சுட்ட கூடும் பத்தடி தள்ளிப் புல்லுக்குள்ள பறந்து போகாம, நிதானமா கைக்கு வருது. எந்தக் கூடு எத்தனை தடவை சுட்டதுன்னு கணக்கு வெச்சுக்கலாம்.

என்கிட்ட இருக்கறது பழைய லீ என்ஃபீல்டு, .303. பேரல் பக்கத்துல இருக்கற முத்திரை ஈஷாப்பூர், அதாவது கல்கத்தா பக்கத்து ரைஃபிள் ஃபேக்டரி. நம்மளை மாதிரியே கப்பலேறி அமெரிக்கா வந்து செட்டிலானது :-) இந்தியாவில நம்ம போலீஸ் கையில தலைமுறை தலைமுறையா இருந்த துப்பாக்கி இதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தன்னிக்குத்தான் இதுக்கு விடை குடுத்தாங்க. கனடாவில ஆர்க்டிக் பக்கம் ரோந்து போற ரேஞ்சர்களும் புது ரைஃபிள் வர்ற வரைக்கும், 2010கள் பாதி தாண்டியும், இதைத்தான் தோள்ல மாட்டியிருந்தாங்க.

ஃபயர் ஃபார்ம்ட் பித்தளைன்னா என்னன்னு புரிஞ்சுக்க இந்தத் துப்பாக்கியை விட நல்ல வாத்தியார் கிடையாது. மூணு காரணம்.

ஒண்ணு, சேம்பர் தாராளமானது. சேறும் மண்ணும் ஒட்டின தோட்டாவும் நுழையணும்னு போருக்குச் செஞ்சது. ரெண்டு, .303 கூட்டுக்கு அடியில வெளிய நீட்டின விளிம்பு உண்டு. தோட்டா சேம்பர்ல எங்க நிக்கணும்னு தீர்மானிக்கறது அந்த விளிம்புதான். அதனால முன்பக்கம் தோள் பகுதி எங்க இருக்குன்னு செஞ்சவங்க பெரிசாக் கவலைப்படல. மூணு, போல்ட்டைப் பூட்டற காதுகள் முன்னாடி இல்ல, பின்னாடி இருக்கு. சுடும்போது மொத்த போல்ட்டும் ஒரு மயிரிழை அமுங்கிக் குடுக்கும்.

மூணும் சேர்ந்தா என்ன ஆகும்? ஃபேக்டரி தோட்டாவை முதல் தடவை சுடும்போதே தோள் முன்னால போய் சேம்பரைத் தொடும், அடிப்பக்கம் பின்னால நகரும், நடுவுல பித்தளை இழுபட்டு மெலியும். அது ஒரு தடவைன்னா பரவாயில்ல. நம்மாளு என்ன பண்ணுவார்? புது டை வாங்கின உற்சாகத்துல பெட்டியில எழுதியிருக்கறபடியே முழுக்கூட்டையும் பழையபடி சுருக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளிடுவார். அடுத்த சூட்டுல மறுபடி இழுபடும். மறுபடி சுருக்கு, மறுபடி இழு. கம்பியை ஒரே இடத்துல முன்னும் பின்னும் வளைச்சா என்ன ஆகும்? அதேதான். சில சூட்டுலயே அடிக்குக் கொஞ்சம் மேல பளபளன்னு ஒரு வளையம் தெரியும். அதுக்கு அப்புறமும் சுட்டா, அடி தனியா கையோட வரும், மேல்பாதி சேம்பருக்குள்ளயே மாட்டிக்கும். கெட்ட நேரமா இருந்தா வாயுவும் பின்னால வரும்.

இதுக்கு வைத்தியம் ரொம்ப எளிசு. உங்க சேம்பர்ல ஒரு தடவை சுட்ட கூட்டை அந்தத் துப்பாக்கிக்கே சொந்தமாக்கிடுங்க. கழுத்தை மட்டும் குண்டு பிடிக்கற அளவுக்குச் சுருக்குங்க. தோளைத் தொடாதீங்க. இனிமே அந்தக் கூடு விளிம்புல நிக்காது, தோள்ல நிக்கும். முன்னும் பின்னும் இடமே இல்லாததால இழுபடாது. சில சூட்டுல சாகற கூடு அதை விட எத்தனையோ மடங்கு நாள் உழைக்கும். உள்ள மெலியுதான்னு பாக்க பெரிய கருவி வேண்டாம். ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி, முனையைக் கொஞ்சமா வளைச்சு, கூட்டுக்குள்ள விட்டு அடியிலிருந்து மேல உரசினா, பள்ளம் இருந்தா நகத்துல தெரியற மாதிரி தட்டும். தட்டினா யோசிக்க வேண்டாம், குப்பை.

இங்க ஒரு சண்டை உண்டு. "கழுத்து மட்டும் சுருக்கறது பழைய காலம், போட்டிக்காரங்க எல்லாம் முழு டைதான் போடறாங்க"ன்னு ஒரு கோஷ்டி. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. முன்பக்கம் பூட்டற நவீன போல்ட் ரைஃபிள்ல, டையை நல்லா செட் பண்ணி, தோளை ஒரு அங்குலத்துல ஆயிரத்தில ரெண்டு பங்கு மட்டும் பின்னுக்குத் தள்ளினா போதும். போல்ட் எண்ணெய் போட்ட மாதிரி மூடும், கூட்டுக்கும் ஆயுசு குறையாது. கழுத்து மட்டும் சுருக்கிட்டே போனா நாலஞ்சு சூட்டுல உடம்பு பருத்து போல்ட் இறுகும், அப்ப எப்படியும் முழு டைக்குத்தான் வரணும். அதனால என் கட்சி இது: பழைய லீ என்ஃபீல்டுக்கு கழுத்து மட்டும், புது ரைஃபிளுக்கு அளந்து தள்ளின முழு டை. ரெண்டுலயும் அடிப்படைத் தத்துவம் ஒண்ணுதான், சேம்பர் குடுத்த உருவத்தைத் தேவைக்கு மேல கலைக்காதே. டை பெட்டியில எழுதினதை வேதவாக்கா எடுத்துக்கறதுதான் தப்பு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கேரேஜ் சமாச்சாரம்னு நினைக்கறவங்களுக்கு ஒரு இந்தியக் கதை. தோட்டாப் பித்தளைல நூத்துக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவில ராணுவம் வெச்சிருந்த தோட்டாக்கள், சுடாமலேயே, பெட்டிக்குள்ள இருந்தபடியே வெடிப்பு விட ஆரம்பிச்சது. அதுவும் குறிப்பா மழைக்காலத்துல. அதனாலயே அதுக்கு "சீசன் கிராக்கிங்"னு பேர். சீசன்னா மழைக்காலம். காரணம் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. 1921ல மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் ஆராய்ச்சி பண்ணி விளக்கினாங்க. மழைக்காலத்துல தோட்டாக்களைக் குதிரை லாயத்துல வெச்சாங்க. குதிரை மூத்திரத்துலேர்ந்து வர்ற அம்மோனியா ஈரத்தோட சேர்ந்து, செய்யும்போதே உள்ள இறுக்கம் தங்கிப் போன பித்தளையைப் பிளந்துடுது. ரெண்டும் சேரணும், அம்மோனியா மட்டும் போதாது, இறுக்கம் மட்டும் போதாது. பித்தளையை மிதமா சூடு காட்டி அந்த உள் இறுக்கத்தை எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்தது. இன்னிக்கு உலகம் முழுக்க உலோகவியல் பாடத்துல அழுத்தத்தால வர்ற அரிப்புக்கு முதல் உதாரணமா இதைத்தான் சொல்றாங்க. நம்ம ஊர் மழையும் குதிரையும் சொல்லிக் குடுத்த பாடம்.

அந்தப் பாடம் ரீலோடிங் மேஜைல ரெண்டு தடவை வரும். முதலாவது, பித்தளை விளக்க அம்மோனியா கலந்த பாலிஷ் போடாதீங்க. வெளக்கு வெளக்கற நம்ம அம்மாக்கள் கைவைத்தியமே மேல். புளி. இங்க ரீலோடிங் பண்றவங்க சிட்ரிக் ஆசிட்னு பாக்கெட்ல வாங்கி வெந்நீர்ல கலக்கறாங்களே, அதுக்கும் புளிக்கும் எலுமிச்சைக்கும் பங்காளி உறவுதான். (ஆனா பூஜைச் சாமான் விளக்கற அதே கிண்ணம் வேண்டாம், ஏன்னு கீழ சொல்றேன்.) ரெண்டாவது, திரும்பத் திரும்பச் சுருக்கி விரிச்சா கழுத்துப் பித்தளை இறுகிக் கடினமாகும், வெடிப்பு விடும். சில சூட்டுக்கு ஒரு தடவை கழுத்தை மட்டும் சூடு காட்டி இளக்கணும். கழுத்தை மட்டும். அடிப்பக்கம் சூடு போய் அது இளகிப் போனா, அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடம் மெழுகாயிடும். அந்தக் கூடு செத்த கூடு.

இன்னொரு வேடிக்கை. கூட்டோட அடியில பிரைமர் வைக்கறதுல ரெண்டு முறை, பாக்ஸர், பெர்டன். பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், பெர்டன் அமெரிக்கர். ஆனா பாக்ஸர் முறையைப் பிடிச்சுக்கிட்டது அமெரிக்கா, பெர்டனைப் பிடிச்சுக்கிட்டது இங்கிலாந்து ராணுவம். வீட்டுல ரீலோட் பண்ண சௌகரியமானது பாக்ஸர்தான், நடுவுல ஒரே ஓட்டை, ஒரு ஊசி தள்ளினா பழைய பிரைமர் விழுந்துடும். பழைய ராணுவ .303ல பெரும்பாலும் பெர்டன். அதனால உள்ள பாக்காம "பித்தளை மலிவாக் கிடைச்சது"ன்னு மூட்டையா வாங்காதீங்க. பழைய .303க்குள்ள மருந்து பொடியா இல்லாம சேமியா மாதிரி கார்டைட் குச்சியா இருக்கும். அந்தக் குச்சிக் கட்டை உள்ள வெச்சதுக்கு அப்புறம்தான் கூட்டோட கழுத்தையே வடிவமைப்பாங்க. நீலகிரியில அருவங்காடு கார்டைட் ஃபேக்டரின்னு ரயில்ல போகும்போது பாத்திருப்பீங்களே, அந்தப் பேருக்கு அர்த்தம் இதுதான்.

சரி, "மிச்சம் ஆகாது"ன்னு ஏன் சொன்னேன்? கணக்குப் பண்ணிப் பாருங்க. பிரஸ், டை, தராசு, அளவுக் கருவி எல்லாம் வாங்கி முடிச்ச அப்புறம், மலிவாச் சுட முடியுதுன்னு முன்னை விட ரெண்டு மடங்கு சுடுவோம். அதனால காசுக்காக வர்றவங்களை நான் வரவேற்கறதில்ல. காசுக்காக வர்றவர் அவசரப்படுவார். வளையம் விழுந்த கூட்டைப் பாத்து "இன்னும் ஒரு தடவை தாங்கும்"பார். மருந்து போடும்போது ஃபோன் பேசுவார். பொறுமை வேணுங்கறவங்க, கையால ஒரு வேலையை முழுசா கத்துக்கணும்னு நினைக்கறவங்க வாங்க. நாள் முழுக்க ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு, செஞ்ச வேலையைக் கையில தொட்டே பாக்க முடியாத நம்ம தொழிலுக்கு இது நல்ல மாத்து.

இப்ப ரெண்டாவது கேள்வி. இதுதான் முக்கியம்.

முதல்ல அமெரிக்கா. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2னு நான்-இமிக்ரண்ட் விசாவில வந்தவங்க துப்பாக்கியோ அம்யூனிஷனோ வெச்சுக்கக் கூடாதுனு ஃபெடரல் சட்டம் சொல்லுது. சில விலக்குகள் உண்டு. நம்மளை மாதிரி ஆட்களுக்குப் பொருந்தறது ஒண்ணுதான், அமெரிக்காவில ஒரு மாநிலம் குடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு வந்துட்டா இந்தத் தடை இல்ல. பல பேருக்குத் தெரியாத விஷயம், அந்தச் சட்டத்துல "அம்யூனிஷன்"ங்கற வார்த்தைக்குக் குடுத்திருக்கற அர்த்தம். முழுத் தோட்டா மட்டும் இல்ல. பித்தளைக் கூடு, பிரைமர், குண்டு, மருந்து, தனித்தனியா ஒவ்வொண்ணும் அம்யூனிஷன்தான். மீறினா அதிகபட்ச தண்டனை 2022 ஜூன் திருத்தத்துக்கு அப்புறம் 15 வருஷம். கணவர்கிட்ட வேட்டை லைசென்ஸ் இருக்குன்னா அது கணவருக்கு மட்டும்தான், எச்-4ல இருக்கற மனைவிக்கு ஒட்டாது. ஊர்லேர்ந்து பி-2ல வந்த அப்பாவை "ஒரு தடவை சுட்டுப் பாருங்கப்பா"ன்னு ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போற பாசக்காரப் பிள்ளைகளும் இதை ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க.

அடுத்து இந்தியா. 1959 ஆயுதச் சட்டத்துல அம்யூனிஷன்ங்கறதுக்குள்ள தோட்டாவோட பாகங்களும் அடக்கம், அதைச் செய்யற இயந்திரமும் அடக்கம். அதாவது காலிக் கூடு மட்டும் இல்ல, "ஊர்ல ஒரு ஃப்ரெண்டுக்கு"ன்னு எடுத்துட்டுப் போற ரீலோடிங் டை கூட அந்த வார்த்தைக்குள்ள வந்துடலாம். லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா குற்றம், ஜெயில் வரைக்கும் போற குற்றம்.

ஆக, ரெண்டு நாட்டுச் சட்டமும் வெத்துப் பித்தளையை வெத்துன்னு பாக்கல. ஆனா நடைமுறைல பெரிய வித்தியாசம். அமெரிக்க ஏர்போர்ட்ல டி.எஸ்.ஏ. விதிப்படி, பிரைமர் வெடிச்சு முடிஞ்ச காலிக் கூட்டைக் கைப்பையிலயே கொண்டு போகலாம். அங்கதான் நம்மாளு ஏமாறுவார். "இங்கயே விட்டுட்டான், அங்க என்ன கேக்கப் போறான்?" கேப்பான் சார். பெரும்பாலும் போகும்போது தெரியாது. ஊர்ல மூணு வாரம் இருந்துட்டு, திருப்பதி போக உள்நாட்டு ஃபிளைட் ஏறும்போதோ, திரும்பி வரும்போதோ, பெங்களூர் ஏர்போர்ட் எக்ஸ்ரேல அந்தச் சின்ன உருளை பளிச்சுனு தெரியும். பையோட மூலைல, துணி மடிப்புல, கீ செயின்ல.

அப்புறம்? நீதிமன்றம் கைவிடாது, அது உண்மை. வெச்சிருக்கோம்னு தெரிஞ்சு வெச்சிருந்தாத்தான் குற்றம்னு 1972லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பையில தெரியாம கிடந்த ஒத்தைத் தோட்டா வழக்குகள் நிறைய இந்த அடிப்படைல ரத்தாகியிருக்கு. தோட்டாவோட சின்னப் பாகம், மத்த பாகங்களோட சேர்த்து உபயோகிக்கற எண்ணம் இல்லன்னா சட்டம் பொருந்தாதுன்னு 45ஆவது பிரிவுல ஒரு விலக்கும் இருக்கு. ஆனா இந்த வாதமெல்லாம் கோர்ட்ல வக்கீல் பண்றது. ஏர்போர்ட் ஸ்டேஷன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு, கையில தூங்கற குழந்தையோட, நீங்க பண்ண முடியாது. "தெரியாம இருந்தது"ங்கற வாதமும் "அண்ணன் பையனுக்குக் காட்டக் கொண்டு வந்தேன்"னு நீங்களே சொன்ன நிமிஷம் போச்சு.

அதோட முடியல. விசா ஸ்டாம்பிங்குக்கு நிரப்பற டிஎஸ்-160 படிவத்துல ஒரு கேள்வி இருக்கு, எப்பவாவது கைது செய்யப்பட்டிருக்கீங்களானு. தண்டனை ஆச்சானு மட்டும் கேக்கல, கைதானு கேக்குது. அதுக்கு "ஆமாம்"னு போட்ட அப்புறம் வேலை, வீட்டுக் கடன், பிள்ளைங்க பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு பித்தளைக் கூட்டுல தொங்கும்.

சிவாஜிநகர் வீட்டுக்கு இதைப் புரிய வைக்கறதுதான் கஷ்டம். அந்த ஊரே பட்டாளத்தோட வந்தது. 1809ல கன்டோன்மென்ட் வந்ததுக்கு அப்புறம், படைக்குப் பின்னாலயே வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்து தங்கின தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. ரஸ்ஸல் மார்க்கெட்டுலேர்ந்து மேரி மாதா கோயில் வரைக்கும் நடந்தா காதுல தமிழும் உருதுவும்தான் விழும். மெட்ராஸ் சாப்பர்ஸ் இருக்கற அல்சூர் கூப்பிடு தூரம். குஜ்ரில பித்தளையைக் கிலோக் கணக்குல நிறுத்துப் போடற ஊர்ல போய், "இந்த ஒரு துண்டு பித்தளை ஆபத்து"ன்னா சிரிக்கத்தான் செய்வாங்க. கென்னத் ஆண்டர்சன் புலிக் கதை படிச்சு வளர்ந்த சித்தப்பாக்கள் வேற. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடெல்லாம் அவர் .405 வின்செஸ்டரோட சுத்தின இடம் (அது லீவர் ஆக்‌ஷன், போல்ட் இல்ல). ஆனா அவர் 1974ல காலமாகறதுக்கு முன்னாடியே, 1972 வனவிலங்குச் சட்டத்தோட அந்தக் காலம் முடிஞ்சுடுச்சு. சித்தப்பாக்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: பித்தளையோட எடையைப் பாக்காதீங்க, சட்டத்துல அதுக்கு இருக்கற பேரைப் பாருங்க.

"அப்ப இந்தியாவில ரீலோடிங்கை அனுமதிக்கணுமா?"ன்னு கேட்டா, வீட்டுல வேண்டாம், கிளப்ல வேணும். இது என் தீர்மானமான கருத்து.

வீட்டுல ஏன் வேண்டாம்? சாதாரணக் குடிமகனுக்கு .303 கிடைக்காத இந்தியாவில, லைசென்ஸ் வாங்கினவங்க கையில இருக்கற போல்ட் ரைஃபிள் பெரும்பாலும் .315. வடக்கே கள்ளத்தனமா செய்யற "கட்டா" நாட்டுத் துப்பாக்கிகள்ல நிறைய இதே .315 தோட்டாவுக்குத்தான் செய்யறாங்க. காலிக் கூடும் மருந்தும் பிரைமரும் வீடு வீடாப் போனா, அது எங்க போய் நிக்கும்னு கணக்கு வெக்க எந்த ஸ்டேஷன்லயும் ஆள் கிடையாது. கல்யாணத்துல வானத்தை நோக்கிச் சுடறதைத் தடுக்கவே 2019ல தனியாச் சட்டத் திருத்தம் கொண்டு வர வேண்டியிருந்த நாடு அது.

"விளையாட்டு வீரர்களுக்கு?" இங்க ஒரு உண்மையைச் சொல்லணும். 2008ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினது ஏர் ரைஃபிள், அதுல பித்தளையே இல்ல. 2024ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கின 50 மீட்டர் ரைஃபிள் .22 ரிம்ஃபயர், அந்தக் கூட்டை வீட்டுல மறுபடி நிரப்ப முடியாது. பெரிய தோட்டா சுடற 300 மீட்டர் போட்டி 1972க்கு அப்புறம் ஒலிம்பிக்ல கிடையாது. அதனால "ரீலோடிங் இல்லாததாலதான் பதக்கம் வரல"ங்கறது வெறும் பேச்சு. ஆனா 300 மீட்டர் போட்டி உலக அளவுல இன்னும் நடக்குது. அதுக்குப் பயிற்சி பண்றவருக்குத் தன் ரைஃபிளோட சேம்பருக்குப் பொருந்தின தோட்டா நிஜமான தேவை. அதுக்குக் கிளப்ல ஒரு அறை, பூட்டின அலமாரி, எத்தனை கூடு உள்ள வந்தது, எத்தனை வெளிய போச்சுன்னு ஒரு ரெஜிஸ்டர் போதும். பித்தளை கிளப் வாசலைத் தாண்டக் கூடாது. ஃபயர் ஃபார்ம்ட் கூட்டை ஒரே துப்பாக்கிக்குன்னு தனியா வெச்சு, எண்ணி, குறிச்சு வெக்கறதுதான் இந்தத் தொழிலோட ஒழுங்கே. எண்ணிக்கை கேக்கற சட்டத்துக்கு இதை விடப் பொருத்தமான பொழுதுபோக்கு ஏது?

கடைசியா, இங்க வீட்டுல பண்றவங்களுக்கு. பிரைமர் வெடிச்ச கரியில ஈயம் இருக்கு. குழந்தை உடம்புக்கு இவ்வளவு ஈயம் வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாது. அதனால மேஜை கேரேஜ்ல, சமையலறைல இல்ல. கழுவற பாத்திரம் தனி, துடைக்கற துணி தனி. முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கணும். மருந்து அது வந்த டப்பாவுலயே இருக்கணும், ஹார்லிக்ஸ் பாட்டில்ல கொட்டி வெக்கற நம்ம பழக்கம் இங்க வேண்டவே வேண்டாம். துப்பாக்கி, தோட்டா ரெண்டும் பூட்டின வெவ்வேற இடத்துல. நீங்க செஞ்ச தோட்டா உங்க துப்பாக்கிக்கு மட்டும். அடுத்தவர் சேம்பர் அதுக்குப் பொருந்தாது, காசுக்கு வித்தா அதுக்கு ஃபெடரல் லைசென்ஸ் வேற வேணும்.

ஊருக்குப் போற வாரம் ரேஞ்சுக்குப் போகாதீங்க. ரேஞ்சுக்குக் கொண்டு போற பையை ஊருக்குக் கொண்டு போகாதீங்க, அது தனிப் பையா கேரேஜ்லயே கிடக்கட்டும். அண்ணன் பையனுக்கு சாக்லேட் வாங்கிட்டுப் போங்க. பித்தளை பாக்கணும்னு ஆசைப்பட்டா, பாட்டியோட குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கச் சொல்லுங்க. சீசன் கிராக்கிங் கதையை அப்ப சொல்லிக் குடுக்கலாம்.

டிஸ்கி: எவ்வளவு மருந்து போடணும்னு இதுல வேணும்னேதான் எழுதல. அதுக்கு உங்க குண்டு, உங்க மருந்துக்குன்னு கம்பெனி போட்ட புத்தகம் மட்டும்தான் ஆதாரம், நான் உட்பட யார் வாய்ச்சொல்லும் இல்ல. சட்ட விஷயத்துல சந்தேகம்னா வக்கீலைப் பாருங்க. சட்டம் மாறிக்கிட்டே இருக்கும், பித்தளை மாதிரி :-)